ஒரு ஸ்டேஷன் தூரம்

எங்கள் பக்கத்து ஜனங்கள் குடும்ப விரோதத்தைப் பற்றிப் பேசும்போது உபயோகிக்கும் சொற்களைச் சற்று உற்றுக் கேட்டால் அவற்றில் ஒரு விசித்திரம் தென்படும். அண்ணன் தம்பிக்குள்ளோ தகப்பன் மகனுக்குள்ளோ மனஸ்தாபம் மூண்டு, இரண்டு வீடுகளும் ஒன்றையொன்று பாராமல் முகம் திருப்பிக்கொண்டுவிட்டால், "அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது" என்பார்கள். அதே வீடுகள் காலம் கடந்து ஒருவாறு கூடிவிட்டாலோ, "இப்போ பேசிக்கிறாங்க" என்பதைக் காட்டிலும், "இப்போ போக்குவரத்து இருக்கு" என்று சொல்வதே பெருவழக்கு. பிரியும்போது அறுந்துபோவதாக நாம் சொல்வது நாக்கின் காரியம். சேரும்போது முதலில் தளிர்ப்பதாகச் சொல்வது காலின் காரியம். இந்தச் சொல்வழக்கை எவர் எந்த அநுபவத்திலிருந்து வடித்தெடுத்தாரோ, என் சொந்தக் குடும்பத்தில் பத்தொன்பது ஆண்டு நீடித்த ஒரு மௌனத்தை அதன் தொடக்கம் முதல் முடிவு வரை அருகிருந்து பார்த்த எனக்கு, அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றத் தோன்றவில்லை.

இந்த யோசனையை என்னுள் முதலில் கிளறிவிட்டது ஒரு திரைப்படம். 2013 டிசம்பரில் வெளிவந்த 'தலைமுறைகள்' பாலு மகேந்திராவின் கடைசிப் படம். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939இல் பிறந்து, புனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று, 'வீடு', 'சந்தியா ராகம்' முதலிய படங்களால் தமிழ்த் திரையின் ஆரவாரத்துக்கு நடுவே ஒரு மெல்லிய குரலை நிலைநிறுத்திய அந்தக் கலைஞர், தம் எழுபத்து நான்காவது வயதில், நட்சத்திரங்களையும் பாட்டுக்களையும் விலக்கிவிட்டு, புகைப்படக்காரர்கள் கல்யாண வீடுகளுக்குத் தூக்கிக்கொண்டு போகும் சிறு டிஜிட்டல் காமிராவைக் கொண்டே எடுத்த படம் அது. தயாரித்தவர் இயக்குநர் சசிகுமார். பின்னணி இசை இளையராஜா. கதையின் நடுநாயகமான கிழவராக நடித்தவர் பாலு மகேந்திராவே. எந்நேரமும் தொப்பியோடு பார்த்துப் பழகிய மனிதரை, தொப்பியில்லாத தலையும் நரைத்த தாடியுமாகத் திரையில் கண்டபோது, வேஷம் போட்டிருக்கிறார் என்பதைவிட வேஷத்தைக் கழற்றியிருக்கிறார் என்றே எனக்குப் பட்டது. படம் வெளிவந்து இரண்டு மாதம் நிறைவதற்குள், 2014 பிப்ரவரி 13ஆம் தேதி, அவர் காலமானார். தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருது அப்படத்துக்கு அறிவிக்கப்பட்டபோது அதைக் கேட்டு மகிழ அவர் இல்லை.

கதை மிகச் சிறியது. ஜாதியிலும் மதத்திலும் ஆசாரத்திலும் ஊறிய ஒரு கிராமத்துப் பெரியவர், டாக்டரான தம் மகன் கிறிஸ்தவப் பெண்ணொருத்தியை விவாகம் செய்துகொண்டான் என்பதற்காக அவனை ஒதுக்கிவிடுகிறார். வருஷங்கள் ஓடுகின்றன. கிழவருக்கு உடம்பு சுகமில்லை என்று செய்தி வர, மகன் ஊருக்கு வருகிறான். பின்னாலேயே மருமகளும் பேரனும் வருகிறார்கள். பேரனுக்குத் தமிழ் தெரியாது. தாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒருவருக்கொருவர் வாத்தியாராகவும் மாணாக்கராகவும் மாறிமாறி அமர்ந்து அந்த இரண்டு ஜீவன்களும் பழகுவதுதான் படத்தின் பெரும்பகுதி.

மேலோட்டமாகப் பார்க்கிறவர்கள் இதைத் தாய்மொழிப் பற்றை வற்புறுத்தும் படம் என்று சொல்லிவிடுவார்கள். அந்த நோக்கமும் அதில் இல்லாமல் இல்லை. என்னை ஈர்த்தது வேறு. தகப்பனுக்கும் மகனுக்கும் பாஷை ஒன்றே. ஆயினும் அவர்களால் பேச முடியவில்லை. ஏனெனில், அந்தப் பொதுப் பாஷையில் அவர்கள் சொல்லக்கூடிய ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னாலும் முன்னொரு நாள் சொல்லிவிட்ட வாக்கியம் ஒன்று பதுங்கியிருக்கிறது; "சாப்பிட்டாயா" என்று கேட்டால்கூட, கோபித்து வெளியேறிய அன்று சாப்பிடாமல் போனது ஞாபகம் வந்துவிடும். தாத்தாவுக்கும் பேரனுக்குமோ பொதுவாக ஒரு சொல்லும் கிடையாது. ஆகையால் பழைய சொல்லும் கிடையாது. மரத்தைக் காட்டி மரம் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்வதில் எந்தப் பூர்வ விரோதம் ஒளிந்துகொள்ள முடியும்? பாஷை தெரியாதிருப்பதைத் தடையாக வைத்துக் கதை பண்ணுகிறவர்கள் உண்டு. அதையே ஒரு சௌகரியமாகக் கண்டுகொண்ட படம் இது ஒன்றுதான் என் அநுபவத்தில்.

பாஷையையும் பந்துத்துவத்தையும் சேர்த்து நினைக்கும்போது, பல்லாவரத்துக்காரனாகிய எனக்குச் சாவடித் தெருவின் ஞாபகம் வராமல் போகாது. 1911இல் கிறிஸ்தவக் கல்லூரி உத்தியோகத்தை விட்டு இங்கே குடிவந்து, 1950இல் மறையும் வரை இவ்வூரிலேயே வாழ்ந்த மறைமலையடிகள், வேதாசலம் என்னும் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டதும், சமரச சன்மார்க்க நிலையத்தைப் பொதுநிலைக் கழகமாக மாற்றியதும் யாவரும் அறிந்தவை. அதற்கெல்லாம் வித்தாக அமைந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் ஒரு தகப்பனுக்கும் மகளுக்கும் இடையே நிகழ்ந்தது. 1916ஆம் வருஷம், பதின்மூன்று வயது நிரம்பிய நீலாம்பிகையோடு தோட்டத்தில் உலாவிய அடிகள், வள்ளலாரின் பாடல் ஒன்றைப் பாடிவிட்டு, அதில் 'தேகம்' என்று வரும் இடத்தில் 'யாக்கை' என்று இருந்தால் எவ்வளவு இனிமையாக இருக்கும் என்று சொன்னாராம்; அதைக் கேட்ட மகள், அப்படியானால் இனி நாமே பிறமொழிச் சொற்களை விலக்கிப் பேசலாமே என்ற கருத்தை எழுப்பினாராம். பிற்காலத்தில் வடசொற்களுக்குத் தமிழ் அகராதி தொகுத்தவர் அந்த அம்மையார். அவர்கள் திருத்த முயன்ற அந்தப் பாடலோ, பெற்ற தாயைப் பிள்ளை மறப்பதும் பிள்ளையைத் தாய் மறப்பதுமாகிய நேரக்கூடாத காரியங்களை அடுக்கி, அவையே நேர்ந்துவிட்டாலும் ஆண்டவனை மறவேன் என்று உறுதி கூறுவது. பெற்றவரும் பிள்ளையும் பிரிவதைச் சொல்லும் ஒரு பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தகப்பனும் மகளும் ஒரு சொல்லைப் பற்றி அவ்வளவு அன்யோன்யமாக யோசித்த தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் எங்கள் வீடு இருக்கிறது. (அந்தத் தெருவின் அண்டை வீட்டுக்காரனாயிருந்தும் 'அன்யோன்யம்' என்றும் 'பந்துத்துவம்' என்றும் எழுதுகிற என்னை அடிகள் மன்னிக்கமாட்டார். என்ன செய்வது, எங்கள் அப்பா பேசிய தமிழ் அது. அவரிடமிருந்து எனக்கு வந்த சொத்தில் தகராறில்லாத பாகமும் அது ஒன்றுதான்.)

அப்பா ஒரு சர்க்கார் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற குமாஸ்தா. பெரியப்பாவுக்குத் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை. குரோம் லெதர் கம்பெனியின் பெயரிலேயே ஊர் உண்டாகிவிட்ட இந்தப் பக்கத்தில் அது அபூர்வமான உத்தியோகம் அன்று. இருவரும் பழைய வீட்டில் ஆளுக்கொரு கட்டாக, நடுவில் ஒரு கிணற்றோடு வாழ்ந்தவர்கள். 1996இல் தாத்தா ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் கிடந்து காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தல்காரனுக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்த சமயத்தில், பெரியப்பா சாதாரணமாகத்தான் சொன்னார்: "ஆஸ்பத்திரிச் செலவு என்ன ஆச்சுன்னு ஒரு கணக்கு காட்டிடுப்பா." அதில் சந்தேகம் இருந்ததா, வெறும் கேள்விதானா என்று இன்றுவரை எவராலும் நிச்சயிக்க முடியவில்லை. ஆனால் முப்பது வருஷம் பிறர் பணத்துக்கு நயாபைசா பிசகாமல் கணக்கெழுதி, அந்த ஒன்றையே தம் கௌரவமாகக் கொண்டிருந்த மனிதரிடம், உற்றார் உறவினர் நடுவே, வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பார். 'கணக்கு' என்ற வார்த்தையை அவரால் பொறுக்க முடியவில்லை. "என்கிட்டயா கணக்குக் கேக்கறே?" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆறு மாதத்தில் வீடு பாகமாயிற்று, கிணறு மூடப்பட்டது, பெரியப்பா தம் பாகத்தை விற்றுக்கொண்டு குரோம்பேட்டைக்குப் போய்விட்டார்.

பல்லாவரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. மின்சார ரயிலில் ஏறி உட்கார இடம் தேடுவதற்குள் இறங்க வேண்டியதாகிவிடும். 1931 முதல் பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வண்டிகள், ஒரு நாளில் எத்தனை முறை எங்கள் வீட்டுப் பின்புறத்திலிருந்து பெரியப்பாவின் ஊருக்குப் போயிருக்கும்! அவற்றில் ஒன்றிலும் அப்பா பத்தொன்பது வருஷம் அந்த ஸ்டேஷனில் இறங்கவில்லை. தாம்பரத்துக்குக் காரியமாகப் போகும்போதுகூட, குரோம்பேட்டை வந்தால் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார் என்று அம்மா சொல்லுவாள்.

இதில் எங்கள் தலைமுறையின் நிலைதான் பரிதாபமானது. பெரியப்பாவின் மகனும் நானும் ஒரே வயது. ஒரே கிணற்றில் நீந்தக் கற்றவர்கள். விரோதம் மூண்டபோது எங்கள் இருவருக்கும் இருபத்தாறு வயது. அந்தச் சண்டையில் எங்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் சொத்துக்கு வாரிசாவதுபோல் சண்டைக்கும் நாங்கள் வாரிசானோம். காலை வண்டியில் நான் பல்லாவரத்தில் ஏறும்போது அவன் முன்னமே குரோம்பேட்டையில் ஏறி உட்கார்ந்திருப்பான். முதல் சில மாதங்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தோம். பிறகு அதுவும் அப்பாக்களுக்குத் துரோகம் என்று தோன்றியது. பிறகு நான் வேறு பெட்டியில் ஏறத் தொடங்கினேன். வைராக்கியத்தினால் ஏறினேன் என்று சொன்னால் அது பொய். வெட்கத்தினால் ஏறினேன், ஐந்தாறு வருஷம் கழித்து, பழக்கத்தினால் ஏறினேன். ஒரு குடும்பப் பிரிவு முதல் தலைமுறையில் கோபமாக இருந்து, இரண்டாம் தலைமுறையில் கூச்சமாகி, மூன்றாம் தலைமுறையில் வெறும் அறியாமையாக முடிகிறது. என் மகளுக்குப் பெரிய தாத்தா ஒருவர் இருக்கிறார் என்பதே தெரியாது.

அந்த நிலைமையில்தான் 'தலைமுறைகள்' வந்தது. விமரிசனங்களைப் படித்துவிட்டு, கொஞ்சம் சூழ்ச்சியோடு, அப்பாவை ஒரு பகல் காட்சிக்கு அழைத்துப் போனேன். இருபது முப்பது பேருக்கு மேல் அரங்கில் இல்லை. இருட்டில் படத்தைப் பார்ப்பதைவிட அவர் முகத்தைப் பார்ப்பதிலேயே எனக்குக் கவனம்; கிழவர் பேரனிடம் இளகுகிற இடங்களில் அப்பாவின் கண்ணில் ஏதேனும் பளபளக்கிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தேன். படம் முடிந்து வெளியே வந்து, காப்பி வாங்கிக் கொடுத்து, "எப்படிப்பா இருந்தது?" என்று கேட்டேன். நன்றாக ஊதிக் குடித்துவிட்டு, "ஊர் நல்லாருக்கு. பச்சைப் பசேல்னு. எங்க எடுத்தானோ" என்றார். கலை மனிதனின் நெஞ்சைக் கரைத்துவிடும் என்ற என் பாலியப் பிராயத்து நம்பிக்கை அன்றைக்கு அந்தக் காப்பியோடு ஆறிப்போயிற்று. வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னபோது, பள்ளிக்கூடப் பெண்ணான என் மகள், "நமக்கும் அது மாதிரி பேசாத சொந்தம் யாராச்சும் இருக்காங்களாப்பா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அம்மா உள்ளேயிருந்து, "போய்ப் படிடி" என்றாள். அந்த அதட்டலில் இருந்த அவசரத்தின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

புரிந்தது இரண்டு வருஷம் கழித்து. 2015 டிசம்பர் முதல் தேதி பகலிலும் இரவிலும் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் எவரும் மறக்கமாட்டார்கள்; தாம்பரத்தில் மட்டும் இருபத்து நான்கு மணி நேரத்தில் 49 செண்டிமீட்டர். விமான நிலையத்தில் ஓடுபாதை நீரில் கிடந்தது. ரயில் இல்லை, மின்சாரம் இல்லை, போன் இல்லை. இரண்டாம் தேதி காலை, மழை சற்று வெறித்த வேளையில், எழுபத்து நான்கு வயதான அப்பா குடையையும் மஞ்சள் பையையும் எடுத்துக்கொண்டு, "பால் கிடைக்குதான்னு பாக்கறேன்" என்று புறப்பட்டார். மத்தியானம் ஆகியும் திரும்பவில்லை. நான் பதறிப்போய்த் தேடக் கிளம்பியபோது அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டு, நிதானமாக, "குரோம்பேட்டைக்குப் போயிருப்பாரு. ஏரிக்கரைப் பக்கம், மூணாவது தெரு, கீழ் வீடு" என்றாள்.

பெரியப்பா அந்த வீட்டுக்கு மாறியது 2004இல். எங்கள் வீட்டில் எவரும் அங்கே போனதில்லை. அந்த முகவரி எங்கள் வீட்டில் ஒருநாளும் உச்சரிக்கப்பட்டதில்லை. ஆனால் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், பத்தொன்பது வருஷமாக, அநேகமாக மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தையில் அவளும் பெரியம்மாவும் சந்தித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்! பழைய டிரங்க் ரோட்டில் வாரந்தோறும் கூடும் அந்தச் சந்தையில் செடிகொடி, புறா, பழைய தையல் மெஷின், கடிகாரம், கருவாடு, கழற்றிப் போட்ட கதவு ஜன்னல் வரை எல்லாம் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். அறுந்த உறவும் அங்கே இரகசியமாகப் புழங்கியது என்பது எனக்குத் தெரியாது. என் மகளின் பரீட்சை மார்க்கு பெரியம்மாவுக்கு மனப்பாடம். பெரியப்பாவுக்குச் சர்க்கரை வியாதி வந்தது, அவர் மகனுக்கு இரண்டாவது பிறந்தது பையன், எல்லாம் அம்மாவுக்கு அந்தந்த வாரமே தெரியும். அவற்றையெல்லாம் அவள் அப்பாவிடம் நேராகச் சொன்னதில்லை. அரிசி களையும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல் உரக்கச் சொல்வாளாம். அப்பா பத்திரிகை படித்துக்கொண்டிருப்பாராம். அன்று அவர் எடுத்துச் சென்ற மஞ்சள் பையில் மெழுகுவத்தியும், பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிய தீப்பெட்டியும், ரொட்டியும், சர்க்கரை வியாதிக்காரர் தின்னக்கூடிய பிஸ்கோத்தும் இருந்தன என்பதைப் பிற்பாடு கேள்விப்பட்டபோது, பத்திரிகைக்குப் பின்னாலிருந்த காது எவ்வளவு கூர்மையானது என்று தெரிந்துகொண்டேன்.

இந்த இடத்தில் படத்தின் மருமகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தாத்தாவும் பேரனும் கைகோத்து நடக்கும் காட்சிகளில் மனம் நெகிழ்கிற நாம், எந்தக் குற்றமும் செய்யாமல், பிறந்த மதத்தின் காரணமாகவே ஒதுக்கப்பட்ட அந்தப் பெண், தன்னை ஒதுக்கியவரின் வீட்டுக்குள் தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு நுழைகிறாளே, அதற்கு எவ்வளவு திடம் வேண்டும் என்று யோசிப்பதில்லை. பிள்ளையின் கையைத் தாத்தாவிடம் கொடுக்கச் சம்மதித்த கை அவளுடையது. நம் வீடுகளில் ஆண்கள் முறித்துக்கொள்வதும், பெண்கள் முறிந்ததன் இரு முனைகளையும் ஓசைப்படாமல் பிடித்துக்கொண்டிருப்பதும், கடைசியில் ஆண்கள் கட்டித் தழுவும்போது கதையின் நாயகர்கள் அவர்களே ஆகிவிடுவதும் புராதனமான ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை அப்படியே புகழ்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. பெண் எடுத்ததற்காகவும் கொடுத்ததற்காகவும் பெற்ற பிள்ளையையே வெட்டிச் சாய்க்கிற செய்திகள் வாரந்தோறும் வருகிற தேசத்தில், எந்தக் கதவையும் தட்டிப் பார் என்று ஒரு பெண்ணுக்கு உபதேசம் செய்ய நான் துணியமாட்டேன். சில கதவுகள் மூடியே இருப்பதுதான் உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் க்ஷேமம். பாலு மகேந்திராவே 'சந்தியா ராகம்' எடுத்த காலத்தில், நாதியற்ற கிழவர் ஒருவரைச் சென்னை நகரத்து உறவினர் வீட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து முதியோர் இல்லத்துக்கு அனுப்பியவர். உறவு எல்லாவற்றையும் தாங்கிவிடும் என்று அப்போது அவர் நம்பவில்லை. கால் நூற்றாண்டு கழித்து, தாமே கிழவரானபோது, பேரனை வரவழைத்துக்கொண்டார். இரண்டில் எது உண்மை என்று கேட்டால், முதலாவது உண்மை என்றும் இரண்டாவது ஆசை என்றும் சொல்லத்தான் தோன்றுகிறது. ஆனால் சாகப்போகிற கலைஞனின் ஆசை, மற்றவர்களின் உண்மையைவிடச் சில சமயம் கவனிக்கத் தக்கது.

மீண்டும் காலைப் பற்றிய விஷயத்துக்கு வருகிறேன். 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்ற பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' என்ற படம் முழுவதுமே நடைதான். தாய்வீட்டுக்குப் போய்விட்ட மனைவியை அழைத்து வருவதற்காக, குடிகாரத் தகப்பன் ஒருவன் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு மதுரைச் சீமையின் வெயிலில் போகிறான். வினோத்ராஜின் சகோதரியைக் கணவன் விரட்டியபோது அவர் கைக்குழந்தையுடன் பதின்மூன்று கிலோமீட்டர் நடந்தே பிறந்தகம் வந்து சேர்ந்தாராம். அந்த நடையை ஓர் ஆண்மகன் நடந்து பார்க்கட்டும் என்ற ஆத்திரத்தில் பிறந்த கதை அது. அதில் யாரும் யாரோடும் கூடிவிடுவதில்லை; ஆனாலும் அந்த நடை ஒரு பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்ற எழுபத்து மூன்று வயதுக் கிழவர், கார் ஓட்டும் லைசென்சு இல்லாமல், 1994இல், புல்வெட்டும் வண்டியில் ஏறிக்கொண்டு, அயோவா மாகாணத்திலிருந்து விஸ்கான்சின் மாகாணம் வரை சுமார் இருநூற்று நாற்பது மைல் ஊர்ந்து சென்று, பக்கவாதத்தில் விழுந்த தம் சகோதரரைப் பார்த்தார். டேவிட் லிஞ்ச் அதை 1999இல் படமாக்கினார். அந்தப் படத்தில் இரண்டு கிழவர்களும் சந்திக்கிற கடைசிக் காட்சியில் மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு, இதிலேயா வந்தாய் என்கிற கேள்வி ஒன்று உண்டு.

எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய அதுவேதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் முழங்காலளவு, ஏரிக்கரைத் தெருவில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து அப்பா போய்ச் சேர்ந்தபோது, பெரியப்பாவும் பெரியம்மாவும் மாடிக் குடித்தனக்காரர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். மகன் வேலை நிமித்தமாக வெளியூரில். பெரியப்பா தலைநிமிர்ந்து பார்த்தாராம்.

"எப்படிடா வந்தே?"

"நடந்துதான், அண்ணே."

"ரோட்ல தண்ணி இல்லையா?"

"இருக்கு."

"வேட்டியைப் பிழிஞ்சு போடு. சளி பிடிச்சிக்கும்."

பத்தொன்பது வருஷத்து விரோதத்தின் சமாதானப் பேச்சு முழுவதும் இவ்வளவுதான் என்று பெரியம்மா சத்தியம் செய்கிறாள். மறுநாள் நானும் இரண்டு பையன்களும் போய் அவர்களை அழைத்து வந்தோம். பதினொரு நாள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். கிணற்றை மூடிய இடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு அண்ணனும் தம்பியும் காலையில் ஒரே பத்திரிகையைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு படிப்பார்கள். தாத்தாவைப் பற்றிப் பேசினார்கள். செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். கணக்கைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு போக்குவரத்து ஏற்பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வருவார். அடுத்த ஞாயிறு அப்பா போவார். அவர் மகனும் நானும் ஒரே பெட்டியில் ஏறத் தொடங்கினோம். ஆனால் இழந்த பத்தொன்பது வருஷத்தைப் பேசித் தீர்க்க எங்களுக்குச் சாமர்த்தியம் இல்லாததால், பெரும்பாலும் ஜன்னல் வழியாகத் திரிசூலம் மலையைப் பார்த்துக்கொண்டே போகிறோம்.

உள்ளபடி சொன்னால், இந்தச் சமாதானம் எனக்கு முழுத் திருப்தியாக இல்லை. அப்பாவின் மேல் விழுந்த ஒரு சொல் விழுந்தபடியே கிடக்கிறதே, அதை யாராவது குனிந்து எடுக்க வேண்டாமா என்று எனக்கு ஓர் ஆதங்கம். நாங்கள் படித்தவர்கள், மனத்தில் இருப்பதைக் கொட்டித் தீர்த்துவிட வேண்டும் என்று போதிக்கப்பட்டவர்கள். "அந்த விஷயத்தை ஒரு தடவை பெரியப்பாகிட்டப் பேசிடுங்களேன்" என்று ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். "எந்த விஷயம்?" என்றார். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

2019இல் அப்பா காலமானார். பதினாறாம் நாள் காரியத்தின்போது பெரியப்பா பந்தலின் ஓர் ஓரத்தில், யாரோடும் பேசாமல், பணம் எண்ணுகிற இடத்திலிருந்து எட்டவே உட்கார்ந்திருந்தார். ஒரு மாதம் சென்று பீரோவை ஒழித்தபோது, அப்பாவின் சர்வீஸ் புத்தகத்துக்கு அடியில் நாற்பது பக்கத்து நோட்டு ஒன்று அகப்பட்டது. தாத்தா ஆஸ்பத்திரியில் இருந்த இருபத்திரண்டு நாளின் செலவும், தேதிவாரியாக, அந்த மணியான எழுத்தில் இருந்தது: ஊசி, மருந்து, ஆட்டோ, இளநீர், ஆயாவுக்கு இனாம். ரசீதுகள் குண்டூசியில் துருவேறிப் பக்கங்களோடு ஒட்டிக்கொண்டிருந்தன. கடைசிப் பக்கத்தில் மொத்தமும், அதன்கீழ் தேதியும். காரியம் நடந்த நாளுக்கு முந்தின நாள் தேதி! கேட்பதற்கு முன்பே கணக்கு தயாராக இருந்திருக்கிறது. மறுநாள் தாமே அண்ணன் கையில் கொடுக்க வைத்திருந்தார்போலும். கேட்டுவிட்டதனால் கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பெரியப்பா வரும்போது அந்த நோட்டு மேஜைமேல் இருந்தது. தற்செயலாக இருந்தது என்று சொல்லத்தான் விரும்புகிறேன். காப்பி குடித்துவிட்டு அதைக் கையில் எடுத்தார்; எழுத்தைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். மொத்தம் போட்ட பக்கம் வரை அவர் போகவில்லை. நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. எட்டிப் பார்த்தேன். 'அண்ணனுக்கு ராத்திரி டிபன், பூரி, ரூ. 14' என்றிருந்தது.

"இதையும் எழுதியிருக்கான் பாரு" என்றார். சிரித்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கிழங்கு தீர்ந்துபோச்சுன்னு சட்னி வாங்கிட்டு வந்தான். ஆறிப்போயிருந்தது" என்றார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஆறே கால் வண்டி இருக்கில்ல?" என்று எழுந்தார். நான் ஸ்டேஷன் வரை கூடவே நடந்தேன். நோட்டு அவர் கையிலேயே இருந்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டி வந்தது, உட்கார இடம் இருந்தும், அடுத்த ஸ்டேஷன்தானே என்று கதவோரமாகவே நின்றுகொண்டார்.